ஒரு தாள் சேதம்

சிவகாசி அச்சகத்தில் தவசிக்கனி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை ஓட்டிக்கொண்டிருந்தார். அழைப்பவர்களில் உயிரோடு இருக்கும் ஆளுக்கு ஒன்று. அதற்குமேல் ஒரு தாள்கூட அடிக்கக் கூடாதென்பது சட்டம்.

"எஞ் சம்சாரம் பொன்மாரி படத்துக்கு முன்னால வைக்கணும். ஒண்ணே ஒண்ணு குடு," என்று புது மெஷினிடம் கேட்டார்.

"இறந்தவர்களுக்கு அனுமதி இல்லை, ஐயா," என்றது இயந்திரம்.

பழைய மெஷின் இப்படிக் கறார் பேசியதில்லை. கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி வரும்வரை தாள்தாளாகத் தின்று துப்பும். அங்கே தாள் பொறுக்கும் வேலை பார்த்த பொன்மாரி, கலர் விலகி இரண்டு தும்பிக்கையோடு வந்த பிள்ளையாரையெல்லாம் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஒட்டுவாள். "இவர யாரு வாங்குவா? நம்மகூடயே இருக்கட்டும்" என்பாள்.

வேண்டுமென்றே தாளைக் கெடுத்தால் வேலை போய்விடும். தெரிந்தும், ஓடிக்கொண்டிருந்த தாளின் நுனியைச் சட்டென்று இழுத்துவிட்டார். மணி அலறியது. மகளின் பெயர் இரண்டிரண்டாகத் தெரியும் பத்திரிகை ஒன்று வந்து விழுந்தது.

"ஒரு தாள் சேதம். குப்பையில் போடவும். மாற்றுத் தாள் அச்சாகிறது."

"போடுறேன், போடுறேன்" என்றபடி அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நல்லதாக ஒன்று கிடைத்திருந்தாலும் பொன்மாரி இதைத்தான் கேட்டிருப்பாள்.