அன்னத்தாயின் பத்தியம்

தீட்டு என்று அன்னத்தாய் தொடவிடாததால், மிஷன் டாக்டரம்மா தள்ளி நின்றே பார்த்தாள்.

“ஏழாம் மாசத்துல இம்புட்டு உடம்பு ஆகாது. இனி நெய்யும் அல்வாவும் வேண்டாம். கீரையும் பயறும் குடுங்க.”

மாமியார் ஞானம்பாள் அன்றே அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பசிக்குது அத்தை. ஒரு வாய் நெய்ச்சோறு தாங்க,” என்று அன்னத்தாய் கெஞ்சினாள்.

“பேரப்பிள்ளை நல்லபடியா பிறக்கணும்லா. பொறுத்துக்கோ தாயி.”

பதினைந்தே நாளில் அவள் முகம் வற்றியது. கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அதுவும் சுருங்கிக்கொண்டு வந்தது.

மலடி என்று சொல்லிப் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசிய அன்று, பயத்தில் “முழுகாம இருக்கேன்” என்று அவள் சொன்ன பொய்யை, இத்தனை மாதமும் வளர்த்து வந்தது அந்த நெய்ச்சோறுதான்.