ஏழு மணி மிஸ்டு கால்

“செத்து ஒன்பது நாளாச்சு. இன்னும் எங்கம்மாவுக்குப் போன் நிக்கலை பாரு!”

தாவீது அந்தப் பழைய பட்டன் போனைக் கட்டிலில் விட்டெறிந்தான்.

காலை ஏழு மணி. ஒரு ரிங், கட். அடுத்து வேறு நம்பர். ஒரு ரிங், கட். இப்படி ஏழு. தினமும்.

“அத்தைக்குக் கூட்டாளி கொஞ்சமா? உசுரோட இருக்கையில என்னைக்கு வீட்டுல இருந்தாவ?” என்றாள் ஜாக்குலின், சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே.

நிஜம்தான். எழுபத்து நாலு வயசிலும் லூசியம்மாள் முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு மும்பையைச் சுற்ற பஸ் ஏறிவிடுவாள். இன்றைக்கு மாட்டுங்காவில் காபி, நாளைக்குக் கோவண்டியில் பிரியாணி. ‘ஊர்சுத்தி’ என்று மகனே பேர் வைத்திருந்தான்.

“முட்டுவலின்னு சொன்னே, எங்கே கெளம்பிட்டே?” என்பான் தாவீது.

“வீட்டுல இருந்தாத்தாம்ல வலிக்கி. நான் பஸ்ஸுல ஏறுனா வலி எறங்கிரும்!”

பேத்தி ஜோஸ்பின் சர்ச்சில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றைக்குக் கேக் வெட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம். பொழுது சாய்ந்தபிறகு சிரித்துக்கொண்டே வந்தாள். “கொஞ்சம் சோலியாயிட்டு. எனக்குக் கேக்கு வெச்சிருக்கியளா?” தாவீது ஒரு மாசம் அவளோடு பேசவில்லை.

தாவீது போனை மறுபடி எடுத்துப் பார்த்தான். “பேரு பதிஞ்சிருக்க லெச்சணத்தப் பாரு! கோவண்டி மார்க்கெட் பச்சைக்கதவு பீவி, மாட்டுங்கா மூணாமாடி விஜயலக்ஷ்மி...”

“ஆச்சிட்ட பேரைக் கேட்டா வாசலைத்தான் சொல்லும் டாடி,” என்று சிரித்தாள் ஜோஸ்பின்.

“இந்த சிம்மை ஒடிச்சுப் போடுதேன். அதுக்கு முன்னாடி ஒருத்தியையாவது நாலு கேள்வி கேக்கேன்!”

மூணாமாடிக்கு அடித்தான். கடையில் தோல் பைக்கு அடிமாட்டு விலை கேட்கிறவனிடம் கத்துகிற அதே தொண்டை.

“அம்மா செத்தது தெரியாதா ஒங்களுக்கு?”

“தெரியுமேப்பா. அடக்கத்துக்கு வந்தேனே.”

“அப்புறம் யாருக்கு மிஸ்டு கால்?”



“கோச்சுக்காதே. நாங்க ஏழு பேரும் ஒண்டிக்கட்டை. காலம்பற ஏழு மணிக்கு ஒரு ரிங் கொடுத்தா ‘இன்னும் இருக்கேன்’னு அர்த்தம். வரலேன்னா லூசி பஸ் ஏறிடுவா. பீவி பாத்ரூம்ல விழுந்து கிடந்தப்போ, கதவை உடைக்க ஆளைக் கூட்டிண்டு வந்ததே அவதான். அன்னிக்குப் பேத்திக்கு ஏதோ விசேஷம்னுகூடச் சொன்னா...”

தாவீது ஜோஸ்பினைத் திரும்பிப் பார்த்தான். “அதான் இப்ப அம்மா இல்லையே?”

“இல்லைதான். வேற யாருக்குப்பா கொடுக்கறது?”

சிம் ஒடியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் அவன் கையில் இருந்தது. ஒரு ரிங், கட். விரல்விட்டு எண்ணினான். ஆறு.

ஏழே கால். ஏழரை. பச்சைக்கதவு மட்டும் வரவில்லை. இவனே அடித்துப் பார்த்தான். எடுக்கவில்லை.

சட்டையை மாட்டினான்.

“கடை தொறக்கிற நேரத்துல எங்கே போறிய?” என்று வாசல்வரை வந்து கத்தினாள் ஜாக்குலின்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னான்:

“ஊர் சுத்த!”