இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தோன்றாதது

அந்த ஆலையில் நாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கும் எழுதி வைக்கப்படாத விதி. சிதம்பரத்திலிருந்து வரும் கம்பெனிப் பேருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும்போது எல்லோருக்கும் மூச்சு ஒரு கணம் நிற்கும், பேச்சு நிற்காது. பக்கத்துக் கிராமமான குடிகாட்டுக்காரர்கள் மனு கொடுத்தால் மட்டும் மேலாளர் கொளஞ்சியப்பன் அதை ‘வாசனைப் புகார்’ என்பார்.

வேதியியலாளன் இளவரசுவின் சட்டைகளை வீட்டில் மனைவி பவானி தனி வாளியில்தான் ஊறவைப்பாள். ஏனென்று அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

அவன் கண்டுபிடித்த சுத்திகரிப்பு முறைக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டிருந்தது. சாயத்துக்கான மூலப்பொருளை உருக்கி, படிகமாக்கும் முன் சோடா கரைத்த வெந்நீரில் கழுவினால் கந்தக மாசு போய்விடும். அவ்வளவுதான். ‘துறையறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது’ என்று ஒரே வரியில் நிராகரித்திருந்தார்கள்.

மேல்முறையீட்டில் வென்றால் ஆய்வகப் பொறுப்பு இளவரசுவுக்கு என்று கொளஞ்சியப்பன் வாக்களித்திருந்தார்.

வாதத்தைத் தயார் செய்யச் சென்னையிலிருந்து வழக்கறிஞர் ப்ரீத்தி வந்திருந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, ஜலதோஷம் என்று தாமாகவே சொன்னார். வந்த சற்று நேரத்திலேயே விதி அவருக்கும் பிடிபட்டுவிட்டது.

“இவ்ளோ சுலபம்னா, இத்தனை வருஷமா ஏன் யாருமே பண்ணல? அதுக்குப் பதில் கிடைச்சா கேஸ் நம்ம பக்கம்.”

“டெம்பரேச்சர் கன்ட்ரோல் பண்றது கஷ்டம் மேடம்,” என்றார் கொளஞ்சியப்பன்.

“டீ போடறதுக்கும் அது வேணும் சார்.”

இளவரசுவுக்குப் பதில் தெரியும். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். மேசைக்கடியில் அவருடைய ஷூ, அவன் காலைத் தேடி வந்து அழுத்தியது.

“மாசு இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தானே மேடம் கழுவத் தோணும்,” என்றான் இளவரசு. “இங்க யாரும் ஒத்துக்கல.”

ப்ரீத்தியின் பேனா வேகமெடுத்தது. பிரச்சினை இருப்பதையே துறை அறிந்திருக்கவில்லை. ஆகவே தீர்வு எவருக்கும் தோன்றியிருக்க முடியாது. இதைவிட நல்ல வாதம் கிடைக்காது என்று அவர் முகமே சொன்னது. ஷூ மெல்ல விலகிக்கொண்டது. ஆய்வகப் பொறுப்பாளரைப் பார்ப்பதுபோல இளவரசுவைப் பார்த்துக் கொளஞ்சியப்பன் சிரித்தார்.

“கடைசியா ஒண்ணு. இப்ப அந்த மாசு சுத்தமா போயிடுச்சுன்னு எழுதிக்கலாமில்ல?”

“தாராளமா,” என்றார் கொளஞ்சியப்பன்.

இளவரசு ப்ரீத்தியின் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரக்க விட்டுத்தான் போச்சு மேடம். கழுவுன தண்ணியோட குடிகாட்டுப் பக்கம் போவுது. நீங்க மூக்கப் பொத்திக்கிட்டிருக்கீங்களே, அந்த நாத்தந்தான்.”