அதிகூடியதும் அதிகுறைந்ததும்

“ரீச்சர், முதல்லை ஆகக் கூடின புள்ளியைக் காட்டுங்கோ!” கடைசிக் கதிரையில் இருந்த பேணாட்டுக்குப் பொறுக்கவில்லை.

பரீதா ரீச்சர் சிரித்தார். “கொஞ்சம் பொறுங்க ஐயா. அதுக்குத்தானே இண்டைக்குப் பாடம்.”

கொம்பியூட்டர் வகுப்பின் சோதனைப் புள்ளிகளையே அவர் பாடத்துக்கு எடுத்திருந்தார். பெயர்களை மறைத்துவிட்டு, திரையில் எக்செல் கட்டங்களில் புள்ளிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டிருந்தார். முதலாவதாக வருபவருக்கு வகுப்பு நடத்தும் நிலையத்திலேயே வேலை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அந்த வேலை முன்வரிசையில் இருக்கும் தன் மகள் அருள்மலருக்குத்தான் என்று ஊரான நிலாவெளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் பேணாட். “சண்டைக்குள்ளை குமர்ப்பிள்ளையை ரவுணுக்கு அனுப்பிப் படிப்பிக்கிறாராம்” என்று பழித்த மச்சான்மாருக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது?

திருகோணமலைத் துறைமுக வீதியில் ஆமிச் சென்றி என்ற காவலரண் இருந்தது. மறித்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிள்ளையைத் தனியே விட மனம் வராமல் அவரும் கூடவே வந்து, வகுப்பு முடியும்வரை இருந்துவிடுவார். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத்தான் தடையாயிற்றே.

“மக்ஸ் எண்டு அடிச்சு, அடைப்புக்குறிக்குள்ள முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் குடுத்தாச் சரி” என்றபடி ரீச்சர் தட்டினார்.

தொண்ணூற்று நாலு என்று விழுந்தது. ரீச்சர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அருள்மலர்!”

பேணாட்டின் கண் நிறைந்துவிட்டது. “என்ரை பிள்ளை! என்ரை பிள்ளை!” என்று பக்கத்தில் இருந்த கனகரத்தினத்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இன்று நிலாவெளி பஸ்ஸில் அவர் வாய் மூடப்போவதில்லை.

“இனி ‘மின்’ எண்டு அடிப்பம். இது ஆகக் குறைஞ்சதைத் தரும்” என்றார் ரீச்சர்.

பதினேழு.

“பதினேழோ! படிக்க வந்தவரோ, சும்மா இருந்து விடுப்புப் பாக்க வந்தவரோ?” என்றார் முதுகைத் தடவிக்கொண்டே கனகரத்தினம். வகுப்பே சிரித்தது. அருள்மலர் மட்டும் சிரிக்கவில்லை.

“பேர் வேணாம், விடுங்க” என்றபடி ரீச்சர் கடைசிக் கதிரையைப் பார்த்தார்.

“ஏன் ரீச்சர்? தாராளமாச் சொல்லுங்கோ!” பேணாட் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். “வகுப்பிலை பதியாத ஆக்களைச் சென்றி தாண்ட விடமாட்டாங்கள் எண்டுதானே நானும் மாணவனாப் பதிஞ்சனான். அந்தப் பதினேழு நான்தான்! கூடினதும் குறைஞ்சதும் எங்கடை வீட்டிலைதான்!”

அருள்மலர் துள்ளி எழுந்தாள்.

“போன சோதனையிலை அப்பாவுக்கு ஒன்பதுதான் ரீச்சர்!”