ஆறு அலுவலகத்துக்கு ஒரு மரம்

"மெதுவாத் தூக்குங்க மச்சான்! ஒரு இலை உதிர்ந்தாலும் நம்ம மானம் போயிரும்!" என்றார் தோட்டக்காரர்.

"மானம் காலையிலேயே போயாச்சு மாப்ளே. இப்ப மரத்தைப் பிடிங்க," என்றபடி வேனின் பின்கதவைத் திறந்தார் ஓட்டுநர்.

மாடிச் சன்னல் வழியே இதைக் கண்ட கண்காணிப்பாளர் சட்டெனத் திரையை இழுத்துவிட்டு, எதிரே அமர்ந்திருந்த ஆய்வதிகாரியிடம், "ஐயா, இன்னொரு டீ?" என்றார்.

"இதோட ஏழாச்சு," என்றார் அதிகாரி.

காலநிலை மாற்றத்தைத் தடுக்கவும், அழிந்த இயற்கையை மீட்கவும் அரசு ஒரு கொள்கை வகுத்திருந்தது. அதன்படி ஒவ்வோர் அரசு அலுவலகத்தின் முன்னும் ஒரு மரம் வளர்ந்தாக வேண்டும். நகரின் ஆறு அலுவலகங்களுக்கும் கண்காணிப்பாளரே பொறுப்பு. கன்றுகள் நடப்பட்டன. தண்ணீர் ஊற்றுவது எந்தப் பிரிவின் வேலை என்று அவர் முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வருவதற்குள் ஐந்து கன்றுகள் கருகிவிட்டன. தோட்டக்காரர் மனம் கேளாமல் தகரத் தொட்டியில் வைத்துத் தம் வீட்டில் வளர்த்த ஆறாவது மட்டும் ஆளுயரம் நின்றது. மாதாந்தர அறிக்கைகளிலோ ஆறுமே செழித்துக்கொண்டிருந்தன.

கண்காணிப்பாளரின் பணி ஓய்வுக்கு இன்னும் பதினெட்டே நாள். உண்மை வெளிப்பட்டால் இடைநீக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கட்டிக் காத்த பெயர் அன்றோடு முடிந்துபோகும்.

ஆகவே அந்த ஒற்றை மரம் காலை முதல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி பார்த்து முடித்ததும் மாடியில் அவருக்குத் தேநீர். அதற்குள் மச்சானும் மாப்பிள்ளையும் மரத்தைத் தொட்டியோடு பெயர்த்து, சந்து வழியே கொண்டுபோய், அடுத்த அலுவலகத்துக் குழியில் இறக்கி மண் மூடிவிடுவார்கள்.

"பின்வாசல் வழியாப் போயிரலாம் ஐயா. முன்வாசல்ல பெயின்ட் ஈரமா இருக்கு," என்றார் கண்காணிப்பாளர்.

"எல்லா ஆபீஸ்லயும் ஒரே நாள்லயா பெயின்ட் அடிக்கிறீங்க?"

"கொள்கை முடிவு ஐயா!"

நான்காம் அலுவலகத்தில் அதிகாரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாடாவை எடுத்து உயரம் அளந்தார். கிளைகளின் அகலமும் அளந்தார்.

"போன ஆபீஸ்ல இந்த நத்தை அடிக்கிளையில இருந்துச்சே. இங்க நடுக்கிளைக்கு ஏறிருச்சு?"

"அது வேற நத்தைங்க ஐயா. இயற்கை மீண்டு வருதில்லையா, ஊரெல்லாம் இப்ப நத்தைதான்."

"மரம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கே?"

"காத்துக்கு ஐயா."

"காத்தே இல்லையே!"

"அதான், எங்கே காணோம்னு எட்டிப் பார்க்குது."

அதிகாரி சிரிக்கவில்லை.

ஐந்தாம் அலுவலகத்தில் அதிகாரி அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்தார். "இது குலுக்கல் தாங்குமா?"

"எ... எந்தக் குலுக்கல் ஐயா?"

"சும்மாதான் கேட்டேன். ரெண்டு பேர் சேர்ந்தாத் தூக்கிரலாம், இல்ல?"

'ஆசாமி மோப்பம் பிடித்துவிட்டார்; பூனை எலியை விளையாட விட்டுப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்' என்று கண்காணிப்பாளர் எண்ணிக்கொண்டார்.

ஆறாம் அலுவலகத்தில் மரம் நின்றது. ஆனால் வேலிக்குப் பின்னாலிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சிரைக்கும் ஓசை வந்தது.

"அங்க யாரு?"

"இயற்கைதான் ஐயா," என்றார் கண்காணிப்பாளர், ஈனக் குரலில்.

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த அதிகாரி, முழங்கை வரை சேறு அப்பிய மச்சானையும் மாப்பிள்ளையையும் தலை முதல் கால் வரை நிதானமாக நோக்கினார். பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி, "உங்க அறைக்கு வாங்க. தனியாப் பேசணும்," என்றார்.

அறைக் கதவு சாத்தப்பட்டதுமே கண்காணிப்பாளர் உடைந்துபோனார். "ஐயா, பிள்ளைகுட்டிக்காரன் ஐயா! பதினெட்டே நாள்தான் இருக்கு! மரம் ஒண்ணுதான் ஐயா, ஒண்ணே ஒண்ணுதான்!"

"ரெண்டாவது ஆபீஸ்லயே தெரிஞ்சுபோச்சு," என்றார் அதிகாரி. பேனாவைத் திறந்து ஆறு படிவங்களிலும் 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

கண்காணிப்பாளர் ஆறு படிவங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதிகாரி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சலாகச் சொன்னார்: "நாளைக்கு மேலிடத்துலேர்ந்து என்னை ஆய்வு பண்ண வர்றாங்க, எங்க பக்கம் பதினோரு குழி இருக்கு, ஒரு மரம்கூட இல்லை. உங்க மரத்தையும் அந்த ரெண்டு பேரையும் ஒரே ஒருநாள் அனுப்பி வைக்கிறீங்களா?"