இடப்பக்கம் இழுக்கும் கார்

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகும் ஒரு வாஷர் மீந்திருந்தது.

நிவேதிகா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மூன்று கிழமையாக இதே பயம்தான்: தான் எங்கோ ஒரு பிழை விட்டிருக்கிறாள், அது இன்னும் கண்ணில் படவில்லை. திரும்பவும் காருக்கு அடியில் நுழைந்து, கழற்றியதையெல்லாம் எழுதி வைத்த கொப்பியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டு எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. புதுச் சாமான் வந்த பெட்டியில் ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்பது, பெட்டிக்குள் கிடந்த தாளை வாசித்த பிறகுதான் விளங்கியது.

"என்ன பிள்ளை, சாமான் மிச்சமோ?" முற்றத்துக் கதிரையில் இருந்தபடி அப்பா யோகலிங்கம் கேட்டார். "எல்லாத்தையும் சேத்து வை. இன்னொரு கார் செய்வம்."

"பகிடி விடாதேங்கோ அப்பா. இடுப்பு முறியுது."

பகலெல்லாம் டவுனில் ஒரு மருந்துக்கடையில் நிற்க வேண்டும். பின்னேரம் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. மிஞ்சிய நேரத்தில்தான் பாலையூற்று வீட்டு முற்றத்தில் இந்த வேலை.

கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று முதலில் சொன்னவர் அப்பாதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் கார் அது. அதுதான் அவருடைய தொழில். குலுக்கலைத் தாங்கும் பழைய ஷொக் அப்சோர்பர் செத்துவிட்டது, அதனால்தான் வளைவில் சரிகிறது, நேர் ரோட்டில் இழுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. கொழும்பிலிருந்து புதியவற்றைப் பார்சலில் எடுப்பித்து, நிவேதிகா முன் இரண்டையும் மாற்றினாள். இழுத்தது. பின் இரண்டையும் மாற்றினாள். அப்போதும் இழுத்தது. ஸ்பிரிங்குகளையும் மாற்றிக்கொண்டு போய்க் காட்டியபோது, வீல் அலைன்மென்ட் பார்த்தவர் நான்கு சில்லும் நேர் என்று தாள் கொடுத்தார்.

அப்பா அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். "தாளோ பிள்ளை கார் ஓடுறது?"

அவள் ஓட்டிப் பார்த்தால் கார் நூல் பிடித்ததுபோல நேராகத்தான் போனது. ஆனால் லைசன்ஸ் எடுத்து எட்டு மாதமான கையை நம்புவதா, முப்பது வருடம் ஓட்டிய கையை நம்புவதா? தனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடுகிறது என்றே கொப்பியில் எழுதி வைத்தாள். இன்று கடைசியாக, வளைவில் கார் சரியாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியையும் புதிதாகப் போட்டாயிற்று. இனி மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

கேற்றடியில் ஷிஃபானா வந்து நின்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"யோகலிங்கம் அண்ணன், நாளைக்குத் திங்கக்கிழமை. கார் வருமா?"

"ஏன் வராது?"

"இல்ல, வெள்ளிக்கிழமை வரக்குள்ள கார் கடல் பக்கமாப் போச்சாம். சின்னவள் இனி ஏற மாட்டனெண்டு அழுறாள். குறை நினைக்காதீங்க, சரி வராட்டி நான் வேற வேன்தான் பாக்கணும். மத்தப் புள்ளைகள்ட உம்மாமாரும் அதைத்தான் சொல்றாங்க."

"இண்டைக்குச் சரி வந்திடும். மகள்தானே செய்யிறா."

நிவேதிகாவுக்கு முகம் சுட்டது. சில்லைத் தூக்கி மாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். அப்பா நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது நட் அவர் வலது கை விரல்களுக்குள் நிற்காமல் மணலில் விழுந்தது. நான்காவதும் விழுந்தது.

"எல்லாம் ஒரே எண்ணெய். வழுக்குது" என்றார்.

"பரவாயில்லை அப்பா, விடுங்கோ. நான் எடுக்கிறன்."

ஐந்து மணிக்கு உட்துறைமுக வீதியில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாகனங்கள் குறைவு. அப்பா ஓட்டினார். முதல் வளைவில் கார் துளியும் சரியவில்லை. ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"அட! புதுக் கார் மாதிரியல்லோ இருக்கு" என்றார் அப்பா.

இந்த மூன்று கிழமையில் முதல் தடவையாக நிவேதிகா சீற்றில் சாய்ந்து இருந்தாள். கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

நேர் ரோடு வந்தது. ரோட்டோரத்து வெள்ளைக் கோடு மெல்ல மெல்லக் காருக்கு அடியில் வந்தது. அதற்கு அப்பால் தண்ணீர்.

"அப்பா!" எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். அவள் கை பட்டதும் கார் சொன்னபடி கேட்டது.

அப்பா ஓரம் கட்டி நிறுத்தினார். "பாத்தியே? நான் சொன்னா ஒருத்தரும் நம்பிறியள் இல்லை. இன்னும் இழுக்குது."

நிவேதிகா இறங்கி நான்கு சில்லையும் சுற்றிப் பார்த்தாள். டயர்களில் காற்றுச் சரியாக இருந்தது. கொப்பியைத் திறந்தாள். சரி போடாத இடம் ஒன்றுகூட இல்லை. அழுவதற்குக்கூடச் சீவன் இல்லாமல் திரும்பி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"மனதை விடாதை பிள்ளை. வீட்டை போய்த் திரும்பவும் கழட்டிப் பாப்பம்."

மணலில் விழுந்த நட்டுகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்கோ."

"இதென்ன விளையாட்டு?"

"நீட்டுங்கோவன்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்கு மேலால் நீட்டினார். இடது கை நீட்டியபடியே நின்றது. வலது கை மெல்ல மெல்லக் கீழே இறங்கி மடியில் போய்க் கிடந்தது. அவர் கண் இன்னும் மூடியபடியே இருந்தது.

"எவ்வளவு நேரம் பிள்ளை ரெண்டையும் நீட்டிக்கொண்டே இருக்கிறது?"