மூணாம் நம்பர் மாமா

"வரின்னா மட்டும் தேதி தவறாம வந்துடறீங்களே தலைவரே, அந்த ரோடு எப்ப வரும்?"

ஊர்த் தலைவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் வரவேற்பு கிடைத்துவிட்டது. விடுதிக்கார மருமகள் ஒரு கையில் துவைத்த போர்வைகளும் மறு கை இடுப்பிலுமாக, ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றாள். அவள் அப்படி நின்றால் எதிரே இருப்பவருக்குப் பாதிப் பேச்சு மறந்துவிடும்.

"இருக்கறதே அஞ்சு ரூம். ரூமுக்கு ஒரு வரி, தங்க வர்றவங்க தலைக்கு ஒரு வரி, குப்பைக்கு ஒரு வரி. ஜன்னல் வழியா ஏரியைப் பாக்கறதுக்குத்தான் இன்னும் போடல. கீழே இருக்கற ஊர்ல இதுல பாதிகூடக் கட்டறதில்ல. அங்க ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. எங்களுக்குப் பதினோரு கிலோமீட்டருக்குப் பள்ளம்!"

"நான் என்னம்மா செய்யட்டும்? வசூல் பண்றது அப்படியே மேலே போயிடுது. ரோடு வேணும்னு எழுதி அனுப்பறேன். திரும்பி வந்துடுது."

"திரும்பி வருதா, இல்ல பணத்தை யாராவது வாயில போட்டுக்கறீங்களா?"

தலைவரின் முகம் சுண்டிப்போனது.

"என் பெரியவ எங்க பொறந்தான்னு உங்களுக்குத் தெரியாதா? பால் வண்டியில, மூணாவது வளைவுல. அந்த டிரைவர் அஞ்சு வருஷமா அவளை 'வளைவுப் பாப்பா'ன்னுதான் கூப்பிடறார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கறேன். ஆனா அன்னைக்கு நான் பிழைச்சதே பெருசு. இந்தத் தடவை வலி வந்தா ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரியில இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நம்ம ரோட்டுல ரெண்டரை மணி நேரம் ஆகுது!"

"முன்னாடியே கீழே போய்த் தங்கிடேன்."

"சீசன்ல ரூமையெல்லாம் நீங்க வந்து கூட்டுவீங்களா? தார்கூட வேண்டாம் தலைவரே. பள்ளத்தை நிரப்பினாலே போதும்."

"அவரை விடு மருமகளே. பாவம், அவர் கையில என்ன இருக்கு?"

மூணாம் நம்பர் அறையின் வராந்தாவிலிருந்து குரல் வந்தது. தலைவர் அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவினார்.

மூணாம் நம்பர் மாமா முப்பத்திரண்டு வருஷமாக இதே மாதம், இதே அறைக்கு வருகிறவர். அவள் மாமனாருக்கு அத்தனை சிநேகம். மாமனார் போன பிறகும் வரவு நிற்கவில்லை. தலைநகரில் ஏதோ பெரிய பதவி. என்ன பதவியென்று அவள் கேட்டதில்லை. ஓய்வெடுக்க வருகிறவர்களிடம் உத்தியோகம் விசாரிக்கக் கூடாது என்பது மாமனார் போட்டுவிட்டுப் போன சட்டம்.

காப்பியை நீட்டினாள். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அப்பவும் பஸ் கீழேயே நின்னுடும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது நாள். நல்ல மழை. பெட்டியைக் குதிரை மேல கட்டிட்டு நடந்தோம். பாதி வழியில உங்க அத்தை செருப்பு அறுந்துபோச்சு. உங்க மாமனார் தன் செருப்பைக் கழட்டிக் கொடுத்துட்டு, லாந்தரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெறுங்காலோட முன்னால நடந்தார். அது ஒவ்வொண்ணும் படகு சைஸ்! அதைப் போட்டுக்கிட்டு அவ தத்தித் தத்தி நடந்து, சிரிச்சா பாரு... எதிர்மலையில போய் முட்டித் திரும்பி வந்துச்சு."

அவள் இதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஆனாலும் அந்த இடம் வந்தால் போர்வை மடிக்கிற கை தானாக நின்றுவிடும். அவளும் புதுப்பெண்ணாக இந்தப் பாதையில்தான் வந்தாள். 'இன்னும் ஒரே ஒரு வளைவுதான்' என்று கட்டினவன் பத்தொன்பது வளைவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். இப்போதும் நினைத்தால் சிரிப்பு வரும்.

"அத்தை போய் ஆறு வருஷமாச்சு," என்றார் அவர். "ஆனா அந்தப் பாதையில கால் வெச்சா பக்கத்துலயே நடந்து வர்ற மாதிரி இருக்கு."

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே போய் மனுவை எடுத்து வந்தாள். ஊரே கையெழுத்துப் போட்ட மனு. எழுதியது அவள்தான். பால் வண்டிக் கதையும் அதில் இருந்தது.

"மாமா, இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. நீங்க பெரிய இடத்துல இருக்கறவங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டு, சம்பந்தப்பட்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நானும் வயித்துல இருக்கறதும் பிழைச்சுக்குவோம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அப்போதே பாதி ரோடு போட்டுவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

"மனசைத் தொடற மாதிரி எழுதியிருக்கே," என்றார். "ஆனா ரோடு வந்தா என்ன ஆகும், சொல்லு? பஸ் வரும், கும்பல் வரும், அவ கால் பட்ட கல்லெல்லாம் தாருக்கு அடியில போயிடும். அவ நடந்து வந்த இடம் எதுன்னு எனக்கே அடையாளம் தெரியாது."

மனுவை நான்காக மடித்து, வாஞ்சையோடு அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

"அதனாலதான் மருமகளே, இந்த ஊர் ரோட்டுக் கோப்பு எப்ப என் மேஜைக்கு வந்தாலும் 'இப்போதைக்கு அவசியமில்லை'ன்னு எழுதி நானே திருப்பி அனுப்பிடுவேன். போன மாசம் வந்ததையும்தான்."